உத்திரமேரூர் கல்வெட்டும் தூத்துக்குடியின் கணக்கும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இன்று நாடறிந்தவை. கி.பி. 919, 921 என்று காலம் கணிக்கப்படும் அந்தச் சாசனங்களின் ஊரை, புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு 2020 டிசம்பர் 10 அன்று அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே எடுத்துப் பேசினார். குடவோலை முறை தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: 30 குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், அவற்றைப் போட்டுக் குலுக்கிய குடம், சபை நடுவே ஓலையை எடுத்துக் கொடுத்த சிறுவன். ஆனால், அந்தக் கல்வெட்டின் கடுமையான பகுதி யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியது அல்ல. யாருடைய பெயரைக் குடத்துக்குள் போடவே கூடாது என்பதைப் பற்றியது. வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் பார்த்துக்கொள்ளும் ஊர் நிர்வாகத்துக்கே இவ்வளவு கண்டிப்பு. அதிகாரத்தைக் கொடுப்பது பாதி வேலைதான், கொடுத்த அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்பதுதான் மீதி என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சபையைப் பொற்காலமாக்கிப் பேச வேண்டியதில்லை. அது பிராமணர்களின் ஊரான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி என்று தகுதிகள் வைத்தது. பெண்களும், உழுதவர்களும், நெய்தவர்களும், மீன்பிடித்தவர்களும் அந்தக் குடத்துக்கு வெளியேதான் நின்றார்கள். அவர்கள் எல்லோரையும் உள்ளே அழைத்தது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம். ஆகவே கல்வெட்டின் முதல் பாதியை நாம் வெகுவாக விரித்துவிட்டோம். அதில் பெருமைப்பட எல்லா நியாயமும் உண்டு. இரண்டாம் பாதியில்தான் பின்தங்கி நிற்கிறோம். எவ்வளவு பின்தங்கி நிற்கிறோம் என்பதை அளந்து பார்க்கத் தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றில் ஒரு நாள் போதும்: 2018 மே 22.

அந்த நாளுக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக் கதை இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் விவசாயிகள் எதிர்த்து நின்றதால் இடம் மாறி வந்த தாமிர உருக்காலைக்கு 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொடக்கத்திலிருந்தே மீனவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் எதிர்த்தார்கள். 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அதற்குத் தடை வந்தது. 2013 மார்ச்சில் வாயுக்கசிவுப் புகார் எழுந்து ஆலை சில காலம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம், ஆலை சூழலைக் கெடுத்ததை ஏற்று 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, தொடர்ந்து இயங்கவும் விட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் என்ற உற்பத்தித் திறனை இரட்டிப்பாக்கும் விரிவாக்கத் திட்டம் வந்தபோது, 2018 பிப்ரவரி 12 அன்று குமாரரெட்டியார்புரம் மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மார்ச் 24 அன்று நகரமே திரண்டு வந்த கூட்டம் அசம்பாவிதம் ஏதுமில்லாமல் கலைந்து வீட்டுக்குப் போனது. ஏப்ரல் 9 அன்று ஆலையின் இயக்க அனுமதியைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மறுத்துவிட்டது. அதாவது, மே மாதத்தில் மக்கள் கேட்டது அரசின் ஓர் அங்கம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவை நிரந்தரமாக்கச் சொல்லித்தான்.

போராட்டத்தின் 100ஆம் நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போய் மனுக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. முந்தைய நாள் மாலை சிப்காட், தென்பாகம் காவல் நிலைய எல்லைகளில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. ஆட்சியர் ஊரில் இல்லை, கோவில்பட்டியில் இருந்தார். தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் ஆட்சியர் அலுவலகத்தை எட்டியது, கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. மறுநாள் அண்ணா நகரிலும் சுட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 17 வயது மாணவி. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. 13 உயிர்கள் போன ஆறாவது நாளில், ஒரு கையெழுத்தில், அந்த மனுவின் கோரிக்கை நிறைவேறியது.

இதை ஜனநாயகத்துக்கான எழுச்சி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். தென் கொரியாவின் குவாங்ஜுவில் 1980 மே மாதம் மக்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்தார்கள்; பெய்ஜிங்கின் தியானென்மென் சதுக்கத்தில் 1989இல் மாணவர்கள் ஒரு கட்சி ஆட்சியிடம் உரிமை கேட்டார்கள்; இங்கே தேர்தல் நடக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது; இது ஓர் ஆலைக்கு எதிரான சுற்றுச்சூழல் போராட்டம்தானே என்பது அவர்கள் வாதம். வேறுபாடு உண்மையானது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால், ஜனநாயகம் ஐந்தாண்டுக்கு ஒருநாள் வாக்குச்சாவடியில் மட்டும் வாழ்வதில்லை. இரண்டு தேர்தல்களுக்கு நடுவே, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது கூறு வழங்குகிறது. குடிமக்கள் தங்களை ஆளும் முடிவொன்றை மாற்றச் சொல்லி, தங்கள் மாவட்டத்தின் மிகப் பெரிய அரசு அலுவலகத்துக்கு மனுவோடு நடந்து போவதை விட அந்த உரிமைக்கு நேரடியான வடிவம் கிடையாது. அந்த நடையைத் தோட்டாவால் நிறுத்தும்போது தாக்கப்படுவது ஓர் ஆலை எதிர்ப்பு மட்டும் அல்ல. தேர்தல் நடக்கும் நாட்டில் இது நடந்தது என்பது குற்றத்தைக் குறைக்காது, கூட்டும். ஏனென்றால் சுட்டவர்களும் சுடச் சொன்னவர்களும் அந்த மக்களின் வாக்கிலிருந்து பிறந்த அதிகாரத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

அன்று நடந்தது என்ன என்பதற்கு ஊர்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. அரசே மே 23 அன்று ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஆணையம் அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கையைத் தந்தது. அக்டோபர் 18 அன்று அது சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. சுட வேண்டிய அவசியம் எழவில்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது மறைவிடங்களிலிருந்து சுட்டார்கள், படிப்படியாகப் பலத்தைக் கூட்ட வேண்டும் என்ற காவல் துறையின் சொந்த நிலையாணையே மீறப்பட்டது என்பவை அதன் முடிவுகள். தென்மண்டலக் காவல் துறைத் தலைவர் தொடங்கிக் காவலர் வரை 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மாவட்ட ஆட்சியரின் அலட்சியத்தைக் கண்டித்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள் என்றும் பதிவு செய்தது. இதற்கு வெகு முன்பே, 2018 டிசம்பரில், உடற்கூறாய்வு அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் நிறுவனம், இறந்த 13 பேரில் 12 பேர் தலையிலோ நெஞ்சிலோ குண்டு பாய்ந்து இறந்தவர்கள், அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டவர்கள் என்று செய்தி வெளியிட்டது. முதுகைக் காட்டி ஓடுகிறவரால் யாருக்கு என்ன ஆபத்து என்ற கேள்விக்கு இன்றுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

அறிக்கைக்குப் பிறகு நடந்தவற்றைப் பார்ப்போம். கூடுதல் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஒரு சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். துறை நடவடிக்கை தொடங்கியதாகச் சொன்னார்கள். வழக்கு 2018 ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிருந்தது. தேசிய மனித உரிமை ஆணையமோ, இழப்பீடு கொடுத்தாயிற்று, விசாரணை ஆணையமும் அமைத்தாயிற்று என்று 2018 அக்டோபரிலேயே தன் கோப்பை மூடிவிட்டது; அதைத் திறக்கக் கோரி மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி திபேன் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இத்தனை அமைப்புகள் கையில் எடுத்த ஒரு துப்பாக்கிச்சூட்டுக்காக எந்த அதிகாரியும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. முதல் தகவல் அறிக்கைகளில் சுட அனுமதி தந்தவர்களாக இருந்தது துணை வட்டாட்சியர் நிலையில் உள்ளவர்களின் பெயர்கள். ஒரு மாவட்டத் தலைநகரத்தில் கூட்டத்தின் மேல் சுடும் முடிவு அந்த மட்டத்திலேயே எடுக்கப்பட்டு அந்த மட்டத்திலேயே முடிந்துவிட்டது என்பதை நிர்வாகம் அறிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

இதை ஓர் ஆட்சியின் அல்லது ஒரு கட்சியின் தவறாகச் சுருக்கிவிட முடியாது. பொறுப்பு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது, அதன் வயதும் அதிகம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆவது பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக அரசின் முன் அனுமதியின்றி யார் மீதும் வழக்குத் தொடர முடியாது என்றது. 1973இல் சுதந்திர இந்தியா புதிய சட்டம் எழுதியபோது எண் கூட மாறாமல் அதே 132ஆவது பிரிவில் அந்தப் பாதுகாப்பு உட்கார்ந்தது. அதற்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 151ஆவது பிரிவு. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த 1919இல், ஹண்டர் குழு விசாரித்து முடிக்கும் முன்பே, அதிகாரிகளைக் காக்கும் பாதுகாப்புச் சட்டமொன்றை ஆங்கில அரசு நிறைவேற்றிக்கொண்டது. அதை நம் தலைவர்கள் எவ்வளவு ஆவேசமாக எதிர்த்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்த ஆவேசத்துக்கு உரிய சட்ட மாற்றம் மட்டும் வரவே இல்லை. விசாரணை ஆணையங்களின் நிலை வேறு. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் ஆணையத்தின் முன் சொன்னதை அவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. உண்மையைக் கண்டுபிடிக்கும் அமைப்புக்குத் தண்டிக்க அதிகாரமில்லை, தண்டிக்கும் நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலோ அரசின் அனுமதி என்ற கதவு.

தமிழ்நாட்டில் இந்தக் கதவு எந்தக் கட்சி ஆட்சியிலும் எளிதாகத் திறந்ததில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டும், சிறையிலிருந்த தங்கள் ஆட்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் ஊர்வலம் போனார்கள். தடியடியில் சிதறி ஓடியவர்கள் தாமிரபரணிக்குள் விழுந்தார்கள். ஒரு சிறு குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று சொன்னது நீதிபதி மோகன் ஆணையம். அவர்களை நீருக்குள் இறங்க வைத்தது எது என்பதுதானே கேட்கப்பட்ட கேள்வி? அப்போது ஆட்சியில் இருந்தது தி.மு.க.; 2018இல் அ.தி.மு.க. அதற்கும் முன்னால், 1987 செப்டம்பரில், நம் வட மாவட்டங்களில் வன்னியர்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்தபோது 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததற்கு அந்த உயிர்ப்பலியும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவர்களுக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அது செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால், அந்த உயிரிழப்புகளுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி மண்டபத்தால் தீர்ந்துவிடவில்லை. போராட்டத்தின் கோரிக்கையை ஏற்பது, இறந்தவர்களைத் தியாகிகளாக்குவது, கொன்றவர்களைப் பற்றிப் பேசாமல் விடுவது என்ற வரிசை நமக்குப் பழகிப்போய்விட்டது. அது பழகியதால்தான் 1987இலிருந்து 1999க்கும், அங்கிருந்து 2011இன் பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்தோம் என்பது என் திடமான எண்ணம்.

எதிர்வாதங்களில் மிகவும் வலுவானது வன்முறையைப் பற்றியது. ஆட்சியர் அலுவலகத்தில் வாகனங்கள் எரிந்தன, ஆலை ஊழியர் குடியிருப்பில் தீ வைக்கப்பட்டது, காவலர்கள் காயமடைந்தார்கள், இவை நடந்தவை. ‘சமூக விரோதிகள் நுழைந்துவிட்டார்கள்’ என்று நடிகர் ரஜினிகாந்த் உட்படப் பலரும் அந்த நாட்களில் சொன்னார்கள். அதற்கான சான்று ஆணையத்தின் முன் வைக்கப்படவில்லை. வைக்கப்பட்டிருந்தால்கூட என்ன? தீ வைத்தவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குச் சட்டம் இருக்கிறது. ஒருவர் தீ வைத்ததற்காக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவரைச் சுடுவதற்குச் சட்டம் இல்லை. பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் அந்த நொடியில் எதிரே நிற்கும் ஆபத்தின் அளவுக்குத்தான் நீளும். கூட்டத்தில் யாரோ செய்த குற்றத்தைக் கூட்டம் முழுவதின் மேலும் ஏற்றுவதற்கு நீளாது. வன்முறையில் இறங்கியவர்கள் மீது வழக்குப் போட வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதே நியாயம் சீருடைக்கும் பொருந்த வேண்டும் என்பதைத்தான் எதிர்வாதம் செய்கிறவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.

ஆலை மூடியதால் நாட்டுக்கு நஷ்டம் என்பது இன்னொரு வாதம். தாமிரத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா அதற்குப் பிறகு இறக்குமதி செய்யும் நாடானது. நேரடியாகவும் மறைமுகமாகவும் பலர் வேலை இழந்தார்கள். அவர்களிலும் தூத்துக்குடிக்காரர்கள் உண்டு, அவர்கள் வருத்தம் பொய்யல்ல. ஆனால், அந்த விவாதம் நடக்க வேண்டிய இடத்தில் நடந்து முடிந்தது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மூடல் உத்தரவைச் சரியென்றது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. தீர்ப்பு வேறாக வந்திருந்தாலும் என் வாதம் மாறியிருக்காது. ஆலை நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி; ஆலை கெட்டது என்று நினைத்தவரைக் கொல்லலாமா என்பது வேறு கேள்வி. தாமிரத்தின் விலையைச் சொல்லி இரண்டாவது கேள்வியை மறைக்கப் பார்க்கும் பேச்சு, பொருளாதார அறிவின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாலும் அறமற்ற பேச்சு.

இறந்தவர்கள் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் கொடுத்தாயிற்று, வேலை கொடுத்தாயிற்று, போராடியவர்கள் மீதான வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றாயிற்று, இன்னும் எதற்கு அந்தக் காயத்தைக் கீற வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். இழப்பீடு வேண்டியதுதான், ஆணையம் 50 லட்சம் தரச் சொன்னதை நினைத்தால் கொடுத்தது போதவில்லை என்றே சொல்வேன். ஆனால் இழப்பீட்டைக் கொடுப்பது கருவூலம், அதாவது நாம் எல்லோரும். தவறு செய்தவரின் சம்பளத்திலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோ அது வரவில்லை. விபத்துக்கும் புயலுக்கும் கொடுப்பதுபோல இதற்கும் கொடுத்துவிட்டால், மனிதர் முடிவெடுத்துச் செய்த ஒரு செயல் இயற்கையின் சீற்றத்தோடு ஒரே கணக்கில் போய்ச் சேர்கிறது. தூத்துக்குடிக் குடும்பங்கள் ஆண்டுதோறும் மே 22 அன்று படத்துக்கு மாலையிட்டுவிட்டுக் கேட்பது பணத்தை அல்ல, வழக்கை.

குவாங்ஜு கற்றுத் தரும் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. 1980 மே 18 தொடங்கிப் பத்து நாட்கள், ராணுவச் சட்டத்தை எதிர்த்த அந்த நகரத்தை ராணுவம் நசுக்கியது. அன்றைய ஆட்சியாளர் சுன் டூ ஹ்வான், அது கம்யூனிஸ்டுகள் தூண்டிய கலகம் என்றார். சமூக விரோதிகள் என்ற சொல்லுக்கு அங்கே அதுதான் பெயர். எட்டு ஆண்டுகள் அதைப் பற்றி வாய்திறப்பதே ஆபத்தாக இருந்தது. பிறகு 1988இல் நாடாளுமன்ற விசாரணை தொலைக்காட்சியில் ஓடியது. காலங்கடந்துவிட்டது என்று அரசு வழக்கறிஞர்கள் கைவிரித்தபோது மக்கள் விடவில்லை. 1995இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். முன்னாள் அதிபர்கள் சுன் டூ ஹ்வானும் ரோ டே வூவும் கைதிகளாக நின்றார்கள். சுன்னுக்கு முதலில் மரண தண்டனை, பின்னர் ஆயுள் தண்டனை. 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டே மே 18 தேசிய நினைவு நாளானது. டிசம்பரில் இருவரும் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தார்கள். 2021இல் இறக்கும் வரை சுன் மன்னிப்புக் கேட்கவில்லை. முழுமையான நீதி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் குற்றம் குற்றமென்று நீதிமன்றம் சொல்லியாயிற்று, அதை எவராலும் இனி மாற்றி எழுத முடியாது. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது மக்கள் நள்ளிரவில் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடிவந்தார்கள். 190 உறுப்பினர்கள் உள்ளே போய் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். சில மணி நேரத்தில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்த இரவில் வீரர்கள் சுடாமல் நின்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சுடச் சொன்ன தளபதி முன்பொரு முறை கூண்டில் நின்றதை அவர்கள் பள்ளியிலேயே படித்திருந்தார்கள் என்பதும் அவற்றில் ஒன்று என நம்புகிறேன். தியானென்மென்னில் எதிர்த்திசையைப் பார்க்கலாம். அங்கே வழக்கும் இல்லை, நினைவு நாளும் இல்லை. ஹாங்காங் விக்டோரியா பூங்காவில் முப்பது ஆண்டுகள் எரிந்த மெழுகுவத்திகளையும் 2020இலிருந்து அனுமதிக்கவில்லை.

நாம் சீனா அல்ல. இங்கே தூத்துக்குடியைப் பற்றி எழுதலாம், இந்தப் பக்கமே அதற்குச் சான்று. ஆனால் பேச விடுவதும் பதில் சொல்வதும் ஒன்றல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றக் கூடாது. ராஜகுளத்திலும், உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும், தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று 2022இல் எண்ணிக்கை உயர்த்தப்பட்டது. அதே 2022இல்தான் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்தது. அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் அதை எதிர்த்துத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள், மாலைதோறும் உட்கார்ந்தார்கள், 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலோர் வாக்களிக்கவே போகவில்லை. அந்தத் தீர்மானங்களுக்கு வந்த பதில் நில எடுப்பு அறிவிக்கைகள். விமான நிலையம் தேவையா என்பதில் இரு பக்க நியாயமும் இருக்கலாம். அங்கே தோட்டா பாயவில்லை என்பது ஆறுதல். ஆனால் குமாரரெட்டியார்புரமும் முதலில் மரத்தடியில்தான் உட்கார்ந்தது. மனுவுக்குப் பதில் வராத இடத்திலிருந்து கூட்டம் ஆட்சியர் அலுவலகம் வரை எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தூத்துக்குடி காட்டியிருக்கிறது. அடுத்து வரும் அதிகாரி அந்தக் கூட்டத்தின் முன் என்ன செய்வார் என்பது, முன்பு அங்கே நின்றவருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் அறிந்திருப்பதைப் பொறுத்தது.

அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றினால் காவல் துறையின் மனவுறுதி குலையும், நாளை உண்மையான கலவரத்தில் யாரும் கையை உயர்த்த மாட்டார்கள் என்பது கடைசி வாதம். விதிப்படி நடந்த காவலருக்கு விசாரணை கேடயம்தான். எச்சரித்தேன், கண்ணீர்ப் புகை வீசினேன், முழங்காலுக்குக் கீழே குறிவைத்தேன் என்று அவர் சொல்லி மீள நீதிமன்றம்தான் இடம். ஆணையத்தின் முடிவு தீர்ப்பு ஆகாது, பெயர் சுட்டப்பட்ட 17 பேரும் குற்றவாளிகள் என்று இப்போதே சொல்லிவிட முடியாது என்பதும் சரி. அப்படியானால் அதைத் தீர்மானிக்க வழக்கு நடக்கட்டும் என்பதுதானே அதற்கு விடை? அனுமதி இல்லாமல் நிற்கும் வழக்கு, குற்றம் செய்தவரைக் காப்பதோடு செய்யாதவரின் பெயரையும் துடைக்காமல் விடுகிறது.

இதற்குப் புரட்சி எதுவும் தேவையில்லை. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய சன்ஹிதாவின் 218ஆவது பிரிவு சொல்கிறது. இது நல்ல முன்னேற்றம். கூட்டத்தைக் கலைக்கச் சுட்டவர்களுக்கான 151ஆவது பிரிவில் அந்தக் கெடு இல்லை. குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருப்பதால், தமிழ்நாடு சட்டப்பேரவை தானே ஒரு திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம்: சுட்டு உயிர்ப்பலி நேர்ந்த எந்த நிகழ்விலும் 120 நாட்களுக்குள் முடிவு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பேரவையின் முன் வைக்க வேண்டும், சுடும் உத்தரவு எந்த மட்டத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்ற பதிவேட்டை அன்றே நீதித்துறை நடுவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதோடு, அருணா ஜெகதீசன் ஆணையம் பெயர் சுட்டிய ஒவ்வொருவர் மீதும் எடுத்த நடவடிக்கையைப் பெயர் பெயராகப் பேரவையில் வைக்க வேண்டும். இதற்குத் திருத்தம்கூட வேண்டாம், ஆளும் கட்சியின் ஓர் அமைச்சர் எழுந்து நின்றால் போதும்.